அப்பளக் கணக்கு

குழந்தைகளே! கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இலையில் பொரியல், கூட்டு, பச்சடி எல்லாம் வந்துவிட்டன. ஆனால் உங்கள் கை முதலில் எதன் மேல் போகிறது? அப்பளத்தின் மேல்தானே! சாதம் வருவதற்குள் பாதி அப்பளம் காணாமல் போயிருக்கும். பக்கத்து இலை மாமா பார்த்துச் சிரிப்பார்.

அந்த அப்பளத்தை வைத்து இன்றைக்குக் கொஞ்சம் கணக்குப் போடுவோமா? "ஐயோ, விடுமுறை நாளில்கூடக் கணக்கா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது பரீட்சைக்கு வராத கணக்கு. ஆனால் பெரியவர்களே பல பேர் தப்பாகப் போடுகிற கணக்கு!

திருநெல்வேலி சந்திப்பில் செங்கோட்டை போகிற ரயிலில் ஏறி, சன்னல் ஓரமாக உட்கார்ந்து கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் வயலும் வாழைத் தோட்டமுமாக ஓடும். சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர் தாண்டினால் கல்லிடைக்குறிச்சி வந்துவிடும். தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிற ஊர் அது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அம்பாசமுத்திரம். மேற்கே திரும்பினால் பொதிகை மலை.

கல்லிடைக்குறிச்சி என்றாலே அப்பளம்தான். "உங்கள் ஊர் அப்பளம் மட்டும் ஏன் இவ்வளவு ருசி?" என்று கேட்டால், ஊர்க்காரர்கள் உடனே ஆற்றைக் கைகாட்டுவார்கள். தாமிரபரணித் தண்ணீர்தான் காரணமாம். திருநெல்வேலி அல்வாவுக்கும் இதே காரணத்தைத்தான் சொல்வார்கள்! தண்ணீருக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் முக்கால் பங்கு கைகளுக்குத்தான் என்று எனக்குத் தோன்றும். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

அப்பளம் இடுவதை நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? உளுந்தை நைசாக அரைத்த மாவில் உப்பு, பெருங்காயம், அப்பளக்காரம் சேர்ப்பார்கள். சில வீடுகளில் பிரண்டைச் சாறும் விடுவார்கள். கெட்டியாகப் பிசைந்து, எண்ணெய் தொட்டுத் தொட்டு உலக்கையால் இடிப்பார்கள். இடிக்க இடிக்க மாவு இழுபடும். பிறகு அதைக் கயிறு போலத் திரட்டி, சின்னச் சின்னதாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் குழவியால் வட்டமாக இட வேண்டும். நடுவில் தடிமனாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் இருந்தால் பொரியும்போது கோணிக்கொள்ளும். வெயில் அதிகமானால் வெடிக்கும். வெயில் போதாவிட்டால் பூசணம் பிடிக்கும். பக்குவமாகக் காய வைத்து, அடுக்கி, எண்ணிக் கட்ட வேண்டும். இத்தனையும் செய்வது யார்? பெரும்பாலும் பெண்கள். காலைச் சமையல் முடிந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு கிடைக்கிற நேரத்தில் செய்கிறார்கள்.

இப்படி, இருக்கிற வேலையை விட்டுவிடாமல் மிச்ச நேரத்தில் செய்யும் தொழிலை உபதொழில் என்பார்கள். ஆடு வளர்ப்பது, பூக்கட்டி விற்பது, துணி தைத்துக் கொடுப்பது, வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்பது எல்லாம் உபதொழில்தான். உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள். பத்துக்குக் குறையாமல் தேறும்.

முதலாளி என்றால் யார்?

நம் தமிழில் ஒரு நல்ல சொல் இருக்கிறது: முதலாளி. இந்தச் சொல்லைக் கேட்டதும் தொந்தி பெருத்த, விரல் நிறைய மோதிரம் போட்ட சினிமா முதலாளிதானே ஞாபகம் வருகிறார்? அவரை மறந்துவிடுங்கள். சொல்லைப் பிரித்துப் பாருங்கள். முதல் + ஆளி. முதலை ஆளுபவர் முதலாளி. தொழிலில் முதலில் போடுகிற பணத்துக்கு 'முதல்' என்று பெயர். அது லட்சமாகவும் இருக்கலாம், 100 ரூபாயாகவும் இருக்கலாம். போட்ட முதல் எங்கே போயிற்று, எவ்வளவு திரும்பி வந்தது என்று விரல்நுனியில் வைத்திருப்பவரே முதலாளி. பெட்டி நிறையப் பணம் இருந்தும் கணக்குத் தெரியாதவர் முதலாளி இல்லை. அவர் பணத்தை வேறு யாரோ ஆண்டுகொண்டிருக்கிறார் என்று அர்த்தம்!

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளி விழாவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் சர்பத் கடை போட்டார்கள். எலுமிச்சம்பழம் 60 ரூபாய், நன்னாரி சர்பத் பாட்டில் 120 ரூபாய், ஐஸ் 40 ரூபாய். ஆக 220 ரூபாய் செலவு. ஒரு டம்ளர் 5 ரூபாய் வீதம் 60 டம்ளர் விற்றார்கள். வரவு 300 ரூபாய். "டீச்சர்! 80 ரூபாய் லாபம்!" என்று குதித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். அப்போது பின்னால் நின்ற சிறுமி மெல்லச் சொன்னாள்: "டீச்சர், சீனி எங்க வீட்டுல இருந்துல்லா கொண்டாந்தேன். அதை யாருமே எழுதல!"

எவ்வளவு சீனி? இரண்டு கிலோ. அப்போது கிலோ 40 ரூபாய். இரண்டு கிலோவுக்கு 80!

லாபம் போன இடம் தெரிந்ததா? நால்வரும் வாயடைத்து நின்றார்கள். எனக்கோ அந்தச் சிறுமியின் முதுகில் தட்டிக் கொடுக்க வேண்டும் போல இருந்தது. விழாவில் விற்ற மற்றக் கடைக்காரர்கள் யாருக்குமே தோன்றாத கேள்வி அவளுக்குத் தோன்றியதே! அது மட்டுமா? நான்கு பேரும் மூன்று மணி நேரம் வெயிலில் நின்றார்களே, அதற்கு யார் கூலி எழுதினார்கள்? பள்ளி விழாவில் அது விளையாட்டு. வீட்டுத் தொழிலில் அது விளையாட்டு இல்லை.

இப்போது அப்பளத்துக்கு வருவோம். கணக்குக்காக நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன். உங்கள் ஊர் விலை வேறாக இருந்தால் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓர் அம்மா ஒரு கிலோ உளுந்து மாவில் அப்பளம் இடுகிறார். மாவு 160 ரூபாய். உப்பு, காரம், பெருங்காயம், எண்ணெய் சேர்த்து 20 ரூபாய். கட்டுவதற்குப் பை 10 ரூபாய். கடைக்குப் போய்வரப் பஸ் 10 ரூபாய். மொத்தம் 200 ரூபாய். பத்துக் கட்டு வருகிறது. கட்டு 30 ரூபாய் வீதம் விற்றால் 300 ரூபாய். "100 ரூபாய் லாபம்" என்று அந்த அம்மா சந்தோஷப்படுகிறார்.

ஆனால் பிசைந்து, இடித்து, இட்டு, காய வைத்துக் கட்ட அவருக்கு நான்கு மணி நேரம் ஆகியிருக்கிறது. அதே நான்கு மணி நேரம் வேறொருவர் வீட்டுக்கு வேலைக்குப் போயிருந்தால் மணிக்கு 40 ரூபாய் கிடைத்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அது 160 ரூபாய். அதையும் செலவுப் பக்கத்தில் எழுதுங்கள். 360 ரூபாய் செலவு, 300 ரூபாய் வரவு. லாபமா இது? 60 ரூபாய் நஷ்டம்! அந்த அம்மா சம்பாதிக்கவில்லை. தன் உழைப்பைக் குறைந்த விலைக்கு விற்றுக்கொண்டிருக்கிறார். அது அவருக்கே தெரியாது. ஏனென்றால் அவர் கைகளுக்கு யாரும் பில் போட்டுக் கொடுப்பதில்லையே!

அப்படியானால் அப்பளத் தொழிலை விட்டுவிட வேண்டியதுதானா? அவசரப்படாதீர்கள். இதே கணக்கைப் போட்டு ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க நாம் மும்பைக்குப் போக வேண்டும். நம் நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புக்காக ரயில் ஏறிப் போனவர்கள் ஏராளமாக வாழ்கிற நகரம்தானே அது! அப்போது அதற்குப் பம்பாய் என்று பெயர்.

மொட்டை மாடியில் ஏழு பேர்

பம்பாயில் கிர்காம் என்றொரு பகுதி. நெருக்கமான பழைய கட்டடங்கள். ஒவ்வொரு கட்டடத்திலும் பல குடும்பங்கள். அப்படி ஒரு கட்டடத்தில் குடியிருந்த குஜராத்திப் பெண்கள் ஏழு பேர், 1959-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் தேதி மொட்டை மாடியில் கூடினார்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள் இல்லை. கையில் பணமும் இல்லை. ஆனால் அப்பளம் இடத் தெரியும். 80 ரூபாய் கடன் வாங்கி உளுந்து மாவும் சாமான்களும் வாங்கினார்கள். அன்றைக்கு அவர்கள் செய்தது எவ்வளவு தெரியுமா? வெறும் நான்கு பாக்கெட் அப்பளம்!

அந்த நான்கு பாக்கெட்டையும் புலேஷ்வர் பகுதியில் இருந்த ஒரு வியாபாரி வாங்கிக்கொண்டார். அந்த எழுவரில் ஒருவர் ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட். 2021-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்வு பெற்றபோது அவருக்கு வயது 90-க்கு மேல்!

80 ரூபாயைக் கொடுத்தவர் சகன்லால் கரம்சி பாரேக் என்ற சமூக சேவகர். 'சகன்பாப்பா' என்று கூப்பிடுவார்கள். பாப்பா என்றால் குழந்தை இல்லை, பெரியவர்! அவர் பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடவில்லை. இரண்டு விஷயத்தில் ரொம்பக் கறாராக இருந்தார்.

ஒன்று, தரம். முதலில் அந்தப் பெண்கள் இரண்டு விதமாக அப்பளம் செய்தார்கள். நல்லது ஒரு விலை, கொஞ்சம் மட்டமானது குறைந்த விலை. "மலிவாக இருந்தால் நிறையப் பேர் வாங்குவார்களே" என்ற எண்ணம். சகன்பாப்பா ஒரே தரமாகச் செய்யச் சொன்னார். யோசித்துப் பாருங்கள். மட்டமான அப்பளத்தை வாங்கிப் போன வீட்டில் அதைப் பொரித்தவுடன் என்ன பேசுவார்கள்? "விலை குறைவு, அதனால் பரவாயில்லை" என்றா? "அவர்கள் அப்பளம் நன்றாக இல்லை" என்றுதானே!

இன்னொன்று, கணக்கு. இது ஏதோ பொழுதுபோக்கு அல்ல, தொழில். ஒவ்வொரு பைசாவும் நோட்டில் ஏற வேண்டும் என்றார். அந்தப் பெண்களும் ஆரம்பத்திலேயே ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். நஷ்டமே வந்தாலும் யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை. கடன் வாங்கலாம், அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நன்கொடைக்கும் கடனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறீர்களா? நன்கொடை கொடுத்தவர் மறந்துவிடலாம். கடன் உங்களை மறக்க விடாது. எவ்வளவு விற்றோம், எவ்வளவு மிச்சம் என்று தினமும் பார்க்க வைக்கும். அளவான கடன் ஒரு கண்டிப்பான கணக்கு டீச்சர் மாதிரி! (அளவு மீறினால் கதையே வேறு. அதைப் பெரியவர்களிடம் கேளுங்கள்.)

மூன்று மாதத்தில் ஏழு பேர் சுமார் 25 பேர் ஆனார்கள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு வில்லன் வந்தான். யார்? மழை!

நமக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் அடைமழை. பம்பாயில் ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை கொட்டும். மொட்டை மாடியில் அப்பளம் காயுமா? முதல் ஆண்டு நான்கு மாதம் வேலையே நின்றுபோயிற்று. உங்களைப் போன்ற ஒருவர் அங்கே இருந்திருந்தால் என்ன யோசனை சொல்லியிருப்பீர்கள்? கொஞ்சம் நிறுத்திவிட்டு யோசியுங்கள். பிறகு கீழே படியுங்கள்.

அடுத்த ஆண்டு அவர்கள் ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலின் மேல் அப்பளத்தைப் பரப்பினார்கள். கட்டிலுக்கு அடியில் அடுப்பை வைத்தார்கள். அவ்வளவுதான்! வெளியே மழை, உள்ளே அப்பளம் காய்ந்தது. பெரிய இயந்திரம் இல்லை, என்ஜினீயர் இல்லை. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். நான்கு மாதம் சும்மா இருந்தபோது அவர்கள் மழையைத் திட்டிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை என்பது அந்தக் கட்டிலைப் பார்த்தால் தெரிகிறது.

முதல் ஆண்டு முழுவதும் விற்றது 6,196 ரூபாய்க்கு. பைசா வரை கணக்கு வைத்ததால்தான் இன்றைக்கும் இந்தத் தொகை நமக்குத் தெரிகிறது. உடைந்த அப்பளங்களை என்ன செய்தார்கள்? பாக்கெட்டில் போட்டு விற்கவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் ஆண்டு முடிவில் 300 பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். அத்தனை பேருக்கு மாடி போதுமா? போதாது. அப்போதுதான் ஓர் ஏற்பாடு செய்தார்கள். மாவைப் பிசைவது ஓரிடத்தில். பிசைந்த மாவை எடுத்துப் போய் அவரவர் வீட்டில் இடுவார்கள். இட்ட அப்பளத்தைக் கொண்டு வந்து கொடுத்து, எடை போட்டு, கூலி வாங்கிக்கொள்வார்கள். பாக்கெட் போடுவது மறுபடியும் ஓரிடத்தில். 1962-இல் தங்கள் அப்பளத்துக்குப் பெயர் தேடிப் போட்டி வைத்தார்கள். பரிசு 5 ரூபாய்! ஜெயித்த பெயர் 'லிஜ்ஜத்'. குஜராத்தியில் 'ருசி' என்று பொருள். ஆமாம், டி.வி. விளம்பரத்தில் முயல் பொம்மை வந்து சிரிக்குமே, அதே லிஜ்ஜத் அப்பளம்தான்! இன்றைக்கு அதில் சுமார் 45 ஆயிரம் பெண்கள் உறுப்பினர்கள்.

நஷ்டம் எப்படி லாபமாயிற்று?

இப்போது நம் அம்மாவின் கணக்கை மறுபடி எடுங்கள். 60 ரூபாய் நஷ்டத்தில் நிற்கிறதே! அவர் பக்கத்து வீடுகளில் ஒன்பது பேரைச் சேர்த்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாவை மொத்தமாக வாங்கினால் கிலோ 160 ரூபாய்க்குப் பதில் 130 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பத்துப் பேரின் சரக்கையும் ஒருவரே கடைக்கு எடுத்துப் போனால், பஸ் செலவு ஆளுக்கு ஒரு ரூபாய். மற்றச் செலவுகள் பழையபடி 20-ம் 10-ம். கூட்டுங்கள்: 161 ரூபாய். மாவை எல்லாருக்கும் சேர்த்து ஓரிடத்தில் பிசைந்து இடிப்பதால் ஆளுக்கு ஒரு மணி நேரம் மிச்சம். மூன்று மணி நேரத்துக்கு 120 ரூபாய் கூலி. ஆக மொத்தம் 281 ரூபாய். வரவு அதே 300. அப்பளத்தின் விலையை ஒரு பைசாகூட ஏற்றவில்லை. ஆனால் கூலியும் கிடைத்து, மேலே 19 ரூபாயும் நிற்கிறது!

அந்த 19 ரூபாய் யாருக்கு? இந்தக் கேள்வியை ரொம்பப் பேர் கேட்பதே இல்லை.

அப்பளத்தைக் கூலிக்கு இட்டுக் கொடுப்பவருக்கு 120 ரூபாயோடு சரி. 19 ரூபாய் மாவு கொடுத்தவருடையது. அதில் தவறு ஒன்றும் இல்லை. முதல் போட்டவர் அவர், விற்காமல் போனால் நஷ்டப்படுபவரும் அவர். ஆனால் லிஜ்ஜத்தில் அப்பளம் இடுகிற ஒவ்வொரு பெண்ணும் அந்த நிறுவனத்தின் உடைமையாளர். லாபத்திலும் பங்கு உண்டு, நஷ்டத்திலும் பங்கு உண்டு. பெண்கள் மட்டுமே உறுப்பினராக முடியும். அதே கை, அதே குழவி, அதே அப்பளம்தான். ஆனால் நோட்டில் பெயர் எந்தப் பக்கம் எழுதப்படுகிறது என்பதில்தான் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்!

நம் தமிழ்நாட்டிலும் இந்த வழி புதிதல்ல. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. பிறகு எல்லா மாவட்டங்களுக்கும் பரவின. உங்கள் அம்மாவோ அத்தையோ பெரியம்மாவோ ஒரு குழுவில் இருக்கலாம். கூட்டம் நடக்கும்போது ஓரமாக உட்கார்ந்து கவனியுங்கள். யார் எவ்வளவு சேமித்தார்கள், யார் எதற்குக் கடன் கேட்டார்கள், யார் திருப்பிக் கட்டினார்கள் என்று எல்லாம் எல்லார் முன்னாலும் வாசிக்கப்படும். கையெழுத்துப் போடவே தயங்கிய பெண்கள் பாங்குக்குப் போய்ப் பணம் எடுத்து வருகிற அழகை அங்கே பார்க்கலாம்.

வேலையை விடாமலே தொழில் பழகலாம் என்பதற்கு இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன். குஜராத்தில் கர்சன்பாய் பட்டேல் என்பவர் அரசாங்க ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். 1969-இல் வீட்டின் பின்புறத்தில் தானே சலவைத் தூள் தயாரித்து, அலுவலக நேரம் போகச் சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றார். கிலோ 3 ரூபாய்! பெரிய கம்பெனித் தூள் அதைப் போல நான்கு மடங்குக்கு மேல் விற்ற காலம். வியாபாரம் நிற்கும் என்ற நம்பிக்கை வர மூன்று ஆண்டுகள் ஆயின. அதற்குப் பிறகுதான் வேலையை விட்டார். மகள் நிருபமாவின் பெயரில் அவர் வைத்த தூள்தான் நிர்மா.

விலையைக் குறைத்து ஜெயித்தவர் அவர். ஆனால் எல்லாரும் விலையைக் குறைக்க முடியாது. கையால் செய்கிறவர்கள் விலையைக் குறைத்தால், குறைவது அவர்கள் கூலிதான்! அவர்கள் என்ன செய்வது? அதற்குப் பதில் நம் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது.

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் பத்தமடை. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை ஊற வைத்து, மெல்லிசாகக் கீறி, சாயம் தோய்த்துப் பாய் நெய்கிறார்கள். நெய்பவர்களில் பெரும்பாலோர் இஸ்லாமியப் பெண்கள். இந்தப் பாய்க்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் செய்துவிட்டுப் 'பத்தமடைப் பாய்' என்று பெயர் போட முடியாது! சந்தையில் பிளாஸ்டிக் பாய் கொள்ளை மலிவு. அதனோடு விலையில் போட்டி போட்டால் பத்தமடைப் பாய் பிழைக்குமா? பிழைக்காது. அதனால் அவர்கள் பிளாஸ்டிக்கால் செய்ய முடியாததைச் செய்கிறார்கள். பட்டுப்போல் மெல்லிய பாயில் மணமக்களின் பெயரையே நெய்து கல்யாணப் பாய் கொடுக்கிறார்கள். தன் பெயர் நெய்த பாயைப் பக்கத்துக் கடைப் பாயோடு ஒப்பிட்டு யாராவது பேரம் பேசுவார்களா?

திருநெல்வேலி டவுனில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கிற இருட்டுக்கடையும் இப்படித்தான். சாயங்காலம் திறப்பார்கள். அன்றைக்குச் செய்த அல்வா தீர்ந்தால் கடையை மூடிவிடுவார்கள். பலகை இல்லை, பளபளப்பு இல்லை. ஆனால் வரிசை இருக்கிறது!

நீங்கள் என்ன செய்யலாம்?

"நாங்களும் தொழில் தொடங்கலாமா?" என்று சிலர் துள்ளுவது தெரிகிறது. உங்களுக்குப் படிப்புதான் தொழில். மற்றதெல்லாம் உபதொழில்! சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 14 வயது நிறையாத பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத வீட்டுத் தொழிலில் குடும்பத்தாருக்கு ஒத்தாசை செய்யலாம், அவ்வளவே. லிஜ்ஜத்தில்கூட ஆரம்பத்தில் சிறுமிகளும் சேர்ந்தார்கள். பிறகு 18 வயது நிறைந்தால்தான் என்று விதி வைத்துவிட்டார்கள். உணவுப் பண்டத்தை நீங்களாகச் செய்து விற்கவும் வேண்டாம். அதற்கு அரசிடம் பதிவு செய்ய வேண்டும். அப்பளப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், 14 இலக்கத்தில் ஓர் எண் இருக்கும். அதுதான் அது.

ஆனால் பழகிப் பார்க்கலாமே! கோடை விடுமுறையில் பழைய செய்தித்தாளில் பை ஒட்டி மளிகைக்கடை அண்ணாச்சியிடம் கொடுக்கலாம். துளசி, கற்றாழை, செம்பருத்திப் பதியன் வளர்த்துத் தெருவில் கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம். பொங்கலுக்கு வாழ்த்து அட்டை வரையலாம். அப்பாவிடமோ அம்மாவிடமோ 50 ரூபாய் கேளுங்கள். அன்பளிப்பாக இல்லை, கடனாக! எந்தத் தேதியில் திருப்பித் தருவீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தேதி வந்ததும் முதலில் அந்த 50 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த தடவை சிரிக்க மாட்டார்கள்.

மிஞ்சியதை என்ன செய்வது? உங்களுக்கு 10 வயது நிறைந்திருந்தால் அஞ்சலகத்தில் உங்கள் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம். நீங்களே கையெழுத்துப் போட்டுப் பணம் போடலாம், எடுக்கலாம்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு என்று எழுதுங்கள். பசை வீட்டில் இருந்தது எடுத்தேன் என்றால் பசையின் விலையும் செலவுப் பக்கத்தில் ஏற வேண்டும். சீனிக் கதை ஞாபகம் இருக்கிறதல்லவா? பை ஒட்ட ஒன்றரை மணி நேரம் ஆயிற்றா? அதற்கும் ஒரு தொகை எழுதுங்கள்.

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. நம் அம்மா ஒரு கிலோ மாவில் இட்ட பத்துக் கட்டு அப்பளத்தில், ஒரு கட்டு அளவுக்கு உடைந்துவிட்டது. அதை விற்காமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் பொரித்துச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் இரண்டு கட்டு விலைக்கு வாங்கினார். உடைந்த அந்தக் கட்டை நோட்டில் எந்தப் பக்கம் எழுதுவீர்கள்? எவ்வளவு என்று எழுதுவீர்கள்? வீட்டில் நான்கு பேரிடம் கேட்டுப் பாருங்கள். நான்கு விடை வரும்!